பன்னிரண்டு மணி இல்லாத ராத்திரி

நிமியா ஒவெலாரின் திரையில் இரண்டு சனிக்கிழமைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. செப்டம்பர் முப்பது, சனி. அடுத்த கட்டத்திலும் செப்டம்பர் முப்பது, சனி. அதற்கடுத்தது அக்டோபர் இரண்டு, திங்கள். நடுவில் இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையைக் காணோம். மனிதனுக்கு வாரத்தில் கிடைப்பதே ஒரு ஞாயிறு. அதையும் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டிருந்தது.

வேறு ஏதாவது ஞாயிறாக இருந்தால் நிமியா சிரித்துவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். இந்த ஞாயிறுதான் தலைநகர் அசுன்சியோனிலிருந்து கண் டாக்டர் தன் ஆட்களோடு நர்ஸ் ஞா பெர்லாவின் மருத்துவமனைக்கு வருகிறார். (எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்கள் பெயருக்கு முன்னால் 'ஞா', ஆண்கள் பெயருக்கு முன்னால் 'டொன்' சேர்ப்போம்.) வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். நாற்பத்தொரு பேருக்குக் கண்புரை எடுக்க வேண்டும். எல்லாரும் உள்காட்டில் மரவள்ளியும் சோளமும் போட்டுப் பிழைக்கிறவர்கள். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது நிமியா எழுதிய புரோகிராம். இன்று வெள்ளிக்கிழமை. சாயந்திரம் நாலு மணிக்குச் செய்தி தானாகப் போகும். இப்படியே விட்டால் நாற்பத்தொரு பேருக்கும் 'சனிக்கிழமை வரவும்' என்று போகும். அவர்களும் இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அப்புறம் அடுத்த வருஷம்தான். கண்புரை அதுவரை சும்மா இருக்காது.

"கையாலயே அனுப்பிடுவோமே, நாப்பத்தோரு பேருதானே" என்றான் தெர்லிஸ். என்கார்னசியோன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக்கடை மாடியில் இருக்கிற அந்த இரண்டு அறைக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான். நிமியா ஒருத்தி, தெர்லிஸ் கன்யெத்தே ஒருத்தன்.

"மெசேஜ கையால அனுப்பலாம். ஞாயித்துக்கெழம டாக்டரு கம்ப்யூட்டரத் திறந்து பாத்தா லிஸ்ட்டே இருக்காதே. யாருக்கு வலது கண்ணு, யாருக்கு இடது கண்ணு, அதையும் நீ கையாலயே எழுதிக் குடுப்பியா?"

தெர்லிஸ் ஒரு நிமிஷம் யோசித்தான். யாருடைய கண்ணையோ மாற்றித் திறந்துவிடுகிற காட்சி அவன் மனதில் ஓடியிருக்க வேண்டும். தெர்மாஸைத் திறந்து, தெரெரே என்கிற பச்சிலைப் பானத்துக்கு ஐஸ் தண்ணீரை ஊற்றி அவளிடம் நீட்டினான்.

நிமியா பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். புரோகிராம் எழுத அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகம் தெரியாத யார் யாரோ இணையத்தில் எழுதிப்போட்டதைப் படித்துப் படித்துத்தான் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு அந்த முகம் தெரியாதவர்கள் மேல் பாசமும் உண்டு, சந்தேகமும் உண்டு. யார் என்ன சொன்னாலும் பத்து வருஷத்து நாள் அத்தனையையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். தெர்லிஸ் வேறு ஜாதி. எடுப்பான், ஒட்டுவான், ஒரு தடவை ஓடினால் சிப்பா ரொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவான்.

முதலில் தன் புரோகிராமையே பத்து வருஷத்துக்கு ஓட்டினாள். மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் நாளில் பத்தே பத்து நாள்தான் காணாமல் போயின. பத்தும் ஞாயிறு. பத்தும் அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு.

"அட, மணி மாத்துற நாளு!" என்று தெர்லிஸ் தொடையைத் தட்டினான். கோடைக்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற நாள் அது.

"அதான். ஆனா மணி மாத்தறது ஒலகத்துல எங்கதான் இல்ல? எல்லாருக்கும்ல ஞாயிறு காணாமப் போயிருக்கணும்? யாரும் கத்தக் காணோமே."

அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது. நாலு மணி பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது ஏன் இப்படி என்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வீடு தீப்பிடித்தாலும் முதலில் தீ எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்கிறவர்கள்.

வாய்க்கு வந்தபடி தேடினாள்: 'காலண்டரில் இரண்டு சனிக்கிழமை.' ஒரு மதுக்கடை விளம்பரமும் ஒரு ராசிபலனும் வந்தன. கேள்வியை மாற்றினாள்: 'தேதி ஒரு நாள் பின்னால் போகிறது.' மடை திறந்துகொண்டது. உலகத்தில் எத்தனை பேருக்குத் தேதி பின்னால் போகிறது! எல்லாரும் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிற அந்தப் பெரிய தளத்தில் வந்து அழுதிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதில், பக்கத்தில் பச்சை டிக், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு ஓட்டு. உலகப் பொது நேரத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொள், தொல்லை ஒழிந்தது என்றது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரு கை தூக்கியிருக்கான். அப்புறம் என்ன யோசன? எடுத்து ஒட்டுக்கா."

"ஒட்டறேன். இவங்கள்லாம் யாருன்னு பாக்க வேணாமா?"

"யாரா இருந்தா என்ன? சம்பந்தமா பேசப் போறோம்?"

ஒட்டினாள். ஞாயிறு வந்துவிட்டது. தெர்லிஸ் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே எழுந்து படி இறங்கிப் போனான். அவன் இரண்டு சூடான சிப்பாவோடு திரும்பி வருவதற்குள் நிமியா பத்து வருஷத்தையும் ஓட்டி முடித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காணாமல் போன ஞாயிறு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் உலகப் பொது நேரம் எங்கள் மணிக்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் ஓடுவதால், இருட்டின பிறகு பதிந்த பெயர்களெல்லாம் அடுத்த நாளுக்குத் தாவியிருந்தன. ஒரு ஓட்டையை அடைக்கப் போய்க் கூரையையே பிரித்த கதை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு ஒத்துப்போச்சே!"

"அவங்களுக்கு இருந்த நோவு வேற போல."

பத்தரை மணிக்கு, எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற அந்தப் புது அரட்டை இயந்திரத்திடம் போனாள். அது நல்ல மரியாதையான பேர்வழி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. இன்ன கட்டளையைப் போடு, சரியாகிவிடும். அந்தக் கட்டளை அழகாக இருந்தது, பெயரும் பொருத்தமாக இருந்தது. ஒரே குறை, அப்படி ஒரு கட்டளையே உலகத்தில் கிடையாது. கிடையாதே என்றாள். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு இல்லாத இன்னொரு கட்டளையைத் தந்தது. நாலு தடவை நன்றி சொன்னது. தெரெரே சுற்றில் நன்றி சொன்னவனுக்கு அடுத்த கோப்பை கிடையாது, போதும் என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் பிறந்திருந்தால் தாகத்தில் செத்திருக்கும்.

"ஒலகத்துல இல்லாதத எவ்ளோ தைரியமா சொல்லுது பாருங்க" என்று தெர்லிஸுக்கு ஒரே சந்தோஷம். "எங்க மாமா ஒருத்தரு தேர்தல்ல நின்னாரு, இதே மாதிரிதான் பேசுவாரு."

அப்புறம் ஒரு வீடியோ. பதினாலு நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் வணக்கம், நலமா, மணியை அழுத்துங்கள். மீதி ஐந்து நிமிஷத்தில் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு ஓட்டுப் பதிலையே வாசித்துக் காட்டினான் அந்த வீடியோக்காரன்.

நிமியா மறுபடி கேள்வியை மாற்றினாள்: 'மணி மாற்றும் நாளில் தேதி தவறுகிறது.' இந்தத் தடவை வந்தவற்றில் ஒரு விசித்திரம் இருந்தது. பத்துப் பதினைந்து பதிலைப் படித்திருப்பாள். எல்லாரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணியை நம்பாதே, மணி மாற்றும் நாளில் இரண்டு மணி ஆபத்து. நாளைக் குறிக்க ராத்திரி பன்னிரண்டு மணியையே வைத்துக்கொள், பன்னிரண்டுக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகாது.

அவள் புரோகிராமும் அதைத்தானே செய்கிறது? ஒவ்வொரு நாளும் ராத்திரி பன்னிரண்டில் பிறக்கிறது என்று வைத்துத்தான் எழுதியிருந்தாள்.

"ரெண்டு மணியப் பாத்து ஏன் இப்டிப் பயப்படறாங்க?" என்றாள் நிமியா. "பேய் வர்ற நேரமா?"

"தெரியலக்கா. ஆனா இத்தன பேரு பயப்பட்டா ஏதோ இருக்கும்."

பகல் மணி பன்னிரண்டாகிவிட்டது. நிமியா அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் கேள்வியைத் தானே அந்தத் தளத்தில் எழுதிப் போட்டாள். அவளுக்கு அதில் எப்போதும் கூச்சம். அவள் ஆங்கிலம் நொண்டும், அங்கே நொண்டுகிறவர்களை ஓடச் சொல்லி விரட்டுவார்கள். என்ன நடக்கிறது, எந்த நாள், என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது என்று ஒழுங்காக எழுதி, புரோகிராமில் தேவையான ஏழே வரியை மட்டும் ஒட்டினாள்.

இருபது நிமிஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். 'இங்கே சரியாக ஓடுகிறது' என்றான் ஒருவன். 'எனக்கும் சரியாகத்தான் ஓடுகிறது, உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு' என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள், இது ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று சொல்லி, அந்தப் பழைய பச்சை டிக்கைக் காட்டி, கேள்வியை மூடி முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டான்.

நிமியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்கிற பிள்ளை என்று வகுப்பில் நிற்கவைத்த மாதிரி இருந்தது. தெர்லிஸ் அந்த மூன்று பேரின் தாய் தகப்பனையும் குவரானி மொழியில் விசாரித்தான். அந்த மொழியில் திட்டினால்தான் திட்டு திட்டாக இருக்கும்.

"இங்க சரியா ஓடுதாம். இங்கன்னா எங்கடா?" என்றாள் நிமியா, சட்டென்று.

"எங்கன்னா?"

"அவன் எந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு சொல்றான்?"

ஒவ்வொருவன் பெயராக அழுத்திப் பார்த்தாள். ஒருவன் ஹாம்பர்க். ஒருவன் ஓஹையோ. கேள்வியை மூடினவன் புனே. புனேயில் கடிகாரத்தையே தொடமாட்டார்களாம், வருஷம் முழுக்க ஒரே மணி. ஹாம்பர்க்கில் எப்படி மாற்றுகிறார்கள் என்று தேடினாள். ராத்திரி இரண்டு மணிக்கு முள்ளை மூன்றுக்குத் தள்ளுவார்கள். ஓஹையோவிலும் இரண்டுக்குத்தான்.

"ரெண்டு மணிக்கா?" என்று தெர்லிஸ் வாயைப் பிளந்தான். "ரெண்டு மணிக்கு எவன் முழிச்சிருந்து மாத்துவான்? பன்னெண்டுக்கு மாத்திட்டுப் படுத்தமா எந்திரிச்சமான்னு இல்லாம!"

நிமியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிதான் காணாமல் போகிறது. அதனால்தான் அத்தனை பேரும் இரண்டைப் பார்த்துப் பயந்தார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அடுத்தது நேராக ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமைக்கு ராத்திரி பன்னிரண்டே கிடையாது. அந்தப் பன்னிரண்டைத் தேடிப்போன கம்ப்யூட்டர், அது இல்லாததால் ஒரு மணி நேரம் பின்னால் சறுக்கிச் சனிக்கிழமைக்குள் விழுந்திருக்கிறது. வருஷா வருஷம் அது தடுக்கி விழுகிற படி அதுதான்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். கூடவே ஒரு வெட்கம். கேள்வியில் ஏழு வரியைப் பார்த்துப் பார்த்து எழுதியவள், தான் எந்த ஊர் என்பதை எழுதவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் உலகம் பூராவும் கடிகாரத்தை மாற்றும் என்று முப்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டினால் போசாதாஸ், அந்தக் கரையில் அர்ஜென்டினாக்காரனுக்கு வேறு மணி. யாரைச் சந்திப்பதென்றாலும் எந்தக் கரை மணி என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரிக்கே அது தோன்றவில்லை.

இப்போது என்ன தேட வேண்டும் என்று தெரிந்தது. மணி மாற்றும்போது பன்னிரண்டைத் தொலைக்கிற ஊர்களைத் தேடினாள். ஒரு காலத்தில் பிரேசில், இப்போது சிலி, கியூபா. அந்த ஊர்ப் பெயர்களை வைத்துத் தளத்துக்குள் துழாவினாள். ஒன்றரை மணிக்கு, ஏதோ ஒரு கேள்வியின் அடிமட்டத்தில், ஒன்பது வருஷம் பழைய பதில் ஒன்று கிடைத்தது. கியூபாவில் கமாகுவேய் என்ற ஊர்க்காரர். மொத்தம் மூன்று வரி. 'நாளைக் குறிக்க ராத்திரி பன்னிரண்டை எடுக்காதே. நடுப்பகலை எடு. என் ஊரில் வருஷத்தில் ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி கிடையாது.' அதன் ஓட்டு மைனஸ் இரண்டு. கீழே ஒருவன், 'நீ எந்தக் கிரகத்தில் இருக்கிறாய்?' என்று கேட்டிருந்தான்.

"மைனஸ் ரெண்டா?" என்று தெர்லிஸ் உதட்டைப் பிதுக்கினான். "இதுவரைக்கும் ஓட்டு இருக்கறதையே நம்பல. இப்ப ஓட்டு இல்லாதவன நம்பப் போறீங்களா?"

"நம்பப் போறேன்னு யாரு சொன்னா? ஓட்டிப் பாக்கப் போறேன்."

புரோகிராமின் கடிகாரத்தைக் கமாகுவேய்க்கு மாற்றினாள். அங்கே மார்ச் மாதத்தில் மாற்றுவார்கள். மார்ச்சைத் திறந்தாள். இரண்டு சனிக்கிழமை! பக்கத்தில் பக்கத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதன் எங்கேயோ ஒரு தீவில் இதையேதான் பார்த்துக்கொண்டு மண்டை காய்ந்திருக்கிறான் என்று நினைத்ததும் நிமியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடிகாரத்தை ஹாம்பர்க்குக்கு மாற்றினாள். ஒரு குறையும் இல்லை. அந்த ஆள் பொய் சொல்லவில்லை, அவனுக்குச் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

அந்த மூன்று வரிக்குக் கீழே, மணிக்கணக்குப் போடுகிற இடத்தில் நடுப்பகல் வைத்தியம் உதவாது என்று ஒருவர் நியாயமாக ஆட்சேபம் சொல்லியிருந்தார். அதையும் நிமியா விடவில்லை. தன் புரோகிராமில் எங்கெல்லாம் நாள் மட்டும் வேண்டும், எங்கெல்லாம் மணி வேண்டும் என்று பிரித்துப் பார்த்து, நாள் மட்டும் வேண்டிய இடத்தில் நடுப்பகலை வைத்தாள். பத்து வருஷத்தை ஓட்டினாள். ஒரு நாளும் தொலையவில்லை. ஒரு பெயரும் தாவவில்லை. சந்தேகம் தீராமல் இருபது வருஷத்துக்கு ஓட்டினாள். அப்புறம் அந்தத் தளத்துக்குப் போய்க் கமாகுவேய்க்காரருக்கு ஒரு ஓட்டுப் போட்டாள். மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று ஆனது.

மூன்று மணிக்கு ஞா பெர்லா வில்யால்பா படி ஏறி வந்தாள். டவுனில் பஞ்சும் மருந்தும் வாங்க வந்தவள், தன் கண்ணால் ஒரு தடவை லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுப் போக நினைத்தாள். அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ் அவள்தான். டாக்டர் ஆபரேஷன் செய்வார், மீதி எல்லாம் ஞா பெர்லா. குறித்த மணிக்கு ஆள் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு, காத்திருக்கிற பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். டாக்டரின் தங்கையே தாமதமாக வந்தாலும் அதே கதிதான். நல்ல மனுஷி, ஆனால் கடிகாரம் அவளுக்குச் சாமி.

"இருக்கா என் ஞாயித்துக்கெழம?" என்றாள், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே. காலையில் நிமியா போனில் சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இருக்கு, உக்காருங்க. நாப்பத்தோரு பேரும் இருக்காங்க."

"நோட்டப் பையிலேயே கொண்டாந்துட்டேன். மெஷின் காலை வாருச்சுன்னா நான் பழையபடி எழுதிக்குவேன்."

தெர்லிஸ் ஒரு யோசனை சொன்னான். நாலு மணி வரை காத்திருக்காமல் முதல் பெயருக்கு மட்டும் ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்கலாம், சரியாகப் போகிறதா என்று. அதிசயமாக நல்ல யோசனைதான். முதல் பெயர் தொரிபியோ வெரோன், வலது கண், ஏழு மணி. 'அக்டோபர் ஒன்று, ஞாயிறு, காலை ஏழு மணிக்கு வரவும்.' போனது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது. நிமியா எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். கோழி கத்துகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு பெரியவர் குரல்.

"தாயி, நான் தொரிபியோ பேசறேன். எம்மருமகன் படிச்சுச் சொன்னான். ஞாயிறு ஏழு மணின்னு வந்திருக்கு."

"ஆமாங்க, டொன் தொரிபியோ. சரியாத்தான் வந்திருக்கு."

"அது பழைய மணியா, புது மணியா?"

நிமியா திரையில் அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தாள்.

"இல்ல தாயி, சனிக்கெழம ராத்திரி மணி மாத்துவாங்கல்ல. டவுனுக்காரங்க உடனே மாத்திக்குவீங்க. நாங்க இங்க பழைய மணியத்தான் ரொம்ப நாளைக்கு வச்சிருப்போம். மாட்டுக்கு எந்த மணி மாத்துறது? அதான் கேட்டு வச்சுக்கலாம்னு. போன வருஷம் மாதிரி ஆயிடக்கூடாது."

"நான் பாத்துட்டு ஒடனே கூப்புடறேங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இருபது வருஷத்து நாளை ஓட்டிப் பார்த்தவள். ஹாம்பர்க் மணி, கமாகுவேய் மணி எல்லாம் பார்த்தவள். செய்தியைப் படிக்கப்போகிறவர் வீட்டுச் சுவரில் எந்த மணி ஓடுகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தன்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

"போன வருஷம் என்ன ஆச்சு, ஞா பெர்லா?"

"என்ன ஆச்சு! அந்தாளு லேட்டு. அடிச்சிட்டேன். அவரு மட்டுமா, ஒம்பது பேரு லேட்டு. இலவசமாக் குடுத்தா அரும தெரியாது இவங்களுக்கு."

"போன வருஷமும் அக்டோபர் மொத ஞாயிறா?"

"எப்பவுமே அதானே. டாக்டருக்கு அன்னிக்குத்தான் ஒழியும்."

"நோட்டுல அவங்க வந்த நேரம் இருக்கா?"

"இருக்காம? நான் எழுதாம விடுவேனா?" ஞா பெர்லா பையிலிருந்து நோட்டை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, ஜம்பமாக வாசிக்கத் தொடங்கினாள். "தொரிபியோ வெரோன், ஏழுக்கு வரணும், வந்தது ஏழு அம்பது. அடிச்சாச்சு. எஸ்தானிஸ்லாவா, ஏழு நாப்பதுக்கு வரணும், வந்தது எட்டு முப்பது. அடிச்சாச்சு. மாக்சிமோ, எட்டே காலுக்கு வரணும், வந்தது ஒம்பது அஞ்சு..." அங்கே குரல் இறங்கியது. அடுத்த பெயரை வாய்க்குள்ளேயே படித்தாள். அதற்கடுத்ததையும். விரல் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது பேரும் சொல்லிவைத்தாற்போல் ஐம்பது நிமிஷம் தாமதம். எல்லாரும் அவரவர் வீட்டுக் கடிகாரப்படி பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார்கள்.

"என் கடியாரத்துல சரியாத்தானே இருந்துச்சு" என்றாள் ஞா பெர்லா, யாரிடமோ.

தெர்லிஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நிமியா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் திரைக்குத் திரும்பிச் செய்தியின் வாசகத்தை மாற்றினாள். 'ஞாயிறு. புது மணி ஏழு. பழைய மணி ஆறு.' நாற்பத்தொரு பேருக்கும் அவரவர் மணியில் ஒன்றைக் கழித்துப் பழைய மணியையும் போட்டாள். இதற்கு யாரிடமும் பதில் தேடவில்லை, எந்தத் தளத்திலும் இது இருக்காது. பெயர்களை ஒப்பிட்டாள். போன வருஷத்து ஒன்பது பேரில் நாலு பேர்தான் இந்த வருஷம் பதிந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேர் இந்தத் தடவை பதியவே வரவில்லை.

"அந்த அஞ்சு பேரு நம்பரும் நோட்டுல இருக்கு" என்றாள் ஞா பெர்லா. "காத்திருக்கற லிஸ்ட்ல மேல போடு. நானே பேசிக்கறேன்." அப்புறம் கையை நீட்டினாள். "மொதல்ல அவருக்குப் போடு."

நிமியா போட்டுக் கொடுத்தாள். மறுபடியும் கோழிச் சத்தம்.

"டொன் தொரிபியோ, நான் நர்ஸ் பெர்லா. புது மணி ஏழு. உங்க வீட்டுல ஆறு இருக்கும், அப்ப வந்து நில்லுங்க." நிறுத்தினாள். போன வருஷம் நாற்பது பேர் முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரை அவள் என்னென்ன சொன்னாள் என்பது அவள் முகத்தில் ஓடியது. "அப்புறம்... போன வருஷம் நீங்க லேட்டா வரலங்க."



"அது எனக்குத் தெரியும், தாயி" என்றார் அவர்.